412 செல்கள், ஒரே ஒரு சோதனை: பல்துறை ஆய்வு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள்

பிஎச்.டி. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு மாலை, எங்கள் தளத்தின் பொது அறையில் இருந்த வெள்ளைப் பலகையில் என் முடிவை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். டிஷ் எனப்படும் வளர்ப்புத் தட்டுகளில் மருந்து சேர்த்த செல்கள் ஒரு பக்கம், சேர்க்காதவை மறுபக்கம். செல்லின் விளிம்பு நகரும் வேகத்தில் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். மொத்தம் 412 செல்களை ஒவ்வொன்றாக அளந்திருந்தேன். பி-மதிப்பில், அதாவது இந்த வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பில், புள்ளிக்குப் பிறகு ஏழு சுழியங்கள். எட்டு மாத உழைப்பு அது.

இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து ஏரி மிதவை உயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சூழலியல் ஆய்வாளர் ஒருவர் தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தார். பலகையைச் சற்று நேரம் பார்த்தார்.

“இந்த 412 செல்லும் எத்தனை டிஷ்ல இருந்து எடுத்தது?”

“ஆறு. மருந்துக்கு மூணு, மருந்தில்லாம மூணு.”

“ஆறும் ஒரே நாள்ல செஞ்சதா?”

“ஆமா. ஒரே குடுவையில வளர்ந்த செல்லைத்தான் பிரிச்சு ஊத்தினோம்.”

“அப்போ உங்ககிட்ட இருக்கறது ஒரு சோதனை. ஒரே மரத்துல 400 இலையைப் பறிச்சு அளந்துட்டு, 400 மரத்தை அளந்தேன்னு சொல்ல முடியாதில்லையா?”

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. என் மாதிரி எண்ணிக்கை 412-இலிருந்து மூன்றாகி, மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. அன்றிரவு டிஷ் வாரியாகச் சராசரி எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். ஏழு சுழியங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நான் ஏன் இதைப் பார்க்கத் தவறினேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. என் படிப்புதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நான் ஒளியியல் படித்தவன். உணர்கருவியில் 400 ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) விழுந்தால் அவை 400 தனித்தனி நிகழ்வுகள். பிழை அதன் வர்க்கமூலம், அதாவது 20. விகிதமாகச் சொன்னால் 5 சதவீதம். எண்ணிக்கை கூடக்கூட நம்பிக்கையும் கூடும் என்பது எனக்குள் ஊறிப்போன பழக்கம். ஆனால் ஒரு டிஷ்ஷில் இருக்கும் செல்கள் ஒரே ஊடகத்தில் (செல்லுக்கு உணவாகும் திரவத்தில்), ஒரே வெப்பநிலையில், ஒரே தாய்க் குடுவையின் வரலாற்றோடு வளர்பவை. அன்று ஊடகம் சற்றுப் பழையதாக இருந்திருந்தால் அத்தனை செல்களும் சேர்ந்தே மாறியிருக்கும். அவை தனித்தனிச் சாட்சிகள் இல்லை.

சூழலியல்காரர்களுக்கு இது அரிச்சுவடி. 1984-இலேயே ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இந்தத் தவறுக்குப் போலி மறுசெய்கை என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்துவிட்டார். தன் துறையின் கள ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எங்கெல்லாம் அது நடந்திருக்கிறது என்று கணக்கெடுத்துக் காட்டினார். நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தச் சொல் வரவில்லை. என் கைடும் இயற்பியல்காரர்தான், அவரும் கேட்கவில்லை. அடுத்த துறையின் ஆள் எங்களோடு ஒரே தளத்தில் இருந்தார், அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அந்த எட்டு மாதம் பதினாறு மாதமாக நீளாமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம்.

பல்கலைக்கழக வளாகங்களில் இப்படிப்பட்ட நிறுவனங்களைக் கட்டும்போது ‘கூட்டு ஆய்வு’ என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். ஆறு ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டுச் சொல்கிறேன்: பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பேப்பர் எழுதுவது அரிதாகவே நடக்கும். நம் தவறை, அது அச்சேறுவதற்கு முன்பே, சும்மா போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போக ஒருவர் கிடைப்பார் என்பதுதான் அங்கே கிடைக்கும் பெரிய பலன். அப்படியொரு ஆள் நம் துறைக்குள் கிடைப்பதில்லை, ஏனென்றால் நம் துறையில் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வோம்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம். அது இயற்பியல் ஆய்வகம். அதற்குள் 1947-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. புரதங்களின் அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு பார்க்கும் வேலை. அங்கேதான் விலங்கியல் படித்துவிட்டு வந்த வாட்சனும் இயற்பியல் படித்த கிரிக்கும் ஒரே அறையில் இருந்தார்கள். 1951-இல் அவர்கள் கட்டிய முதல் டி.என்.ஏ. மாதிரி முற்றிலும் தவறு: மூன்று இழைகள், பாஸ்பேட் உள்பக்கம். டி.என்.ஏ.வை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்துகொண்டிருந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் லண்டனிலிருந்து வந்து பார்த்து, உடனே அதை நிராகரித்தார். டி.என்.ஏ.வில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அவர் ஒரு கருத்தரங்கில் சொன்னதை வாட்சன் குறிப்பெடுக்காமல் தவறாக நினைவில் வைத்திருந்தார். படிகவியல் தெரியாதவர் படிகவியல் பேச்சைக் கேட்டால் இதுதான் நடக்கும். எனக்கும் பலமுறை நடந்திருக்கிறது.

1953 பிப்ரவரியில் வாட்சன் மறுபடி சிக்கினார். டி.என்.ஏ. இழைகளை இணைக்கும் காரமூலங்களின் வடிவத்தைப் பாடப்புத்தகத்தில் இருந்தபடி ஈனால் வடிவமாக (ஹைட்ரஜன் அணு வேறு இடத்தில் நிற்கும் வடிவம்) வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். அதே அறையில் இடம் ஒதுக்கப்பட்டிருந்த ஜெர்ரி டொனஹ்யூ என்ற வேதியியலாளர், புத்தகம் தவறு, கீட்டோ வடிவம்தான் சரி என்றார். அதன்பிறகு சில நாட்களிலேயே காரமூலங்கள் ஏ-டி, ஜி-சி என்று இணை இணையாகப் பொருந்திவிட்டன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த பேப்பரின் நன்றி வரிகளில் டொனஹ்யூவின் இடைவிடாத ஆலோசனையும் விமர்சனமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஃபிராங்க்ளினின் தரவுகள் அவருக்குத் தெரியாமலேயே அந்த அறைக்கு வந்து சேர்ந்தன என்பதையும் இதே மூச்சில் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பதன் நன்மையும் அதில் மறைந்திருக்கும் அநியாயமும் ஒரே கதையில் இருக்கின்றன.

நம் பக்கத்தில் ஜி.என். ராமச்சந்திரன் இருக்கிறார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த அவர், கொலாஜன் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டார். கொலாஜன் என்றால் தோலும் தசைநாணும். தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. சோதனைக்கான பொருள் அங்கிருந்து கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் மும்மடிச் சுருள் அமைப்பை வெளியிட்டார். இயற்பியல்காரர் ஒருவருக்குத் தோல் பற்றி யோசிக்கத் தோன்றியதில் பக்கத்துக் கட்டடத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

தூரம் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. 1970-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் ஆராய்ச்சிக் கூடங்களில் யார் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று அளந்தார். இருக்கைகளுக்கு இடையே 50 மீட்டரைத் தாண்டினால் தொழில்நுட்பப் பேச்சு அநேகமாக நின்றுவிடுகிறது. அதனால் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களுக்கு எந்த இருக்கை கொடுத்தார்கள் என்பதைத்தான். சொந்தக் குழுவின் நடுவில் இடம் கிடைத்தால் பெரும்பாலும் மகிழ்வார்கள். தாழ்வாரத்தின் ஓரத்தில், வேறு குழுவுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேசை இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சொற்கள். இதைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் ஒரு கூட்டம். “எங்கள் மாடல் சரியாக வேலை செய்யவில்லை” என்றார் உயிரியல் குழுவின் ஆய்வாளர். எந்த அளவுருவை மாற்றிப் பார்த்தீர்கள் என்று கணிதக் குழுவிலிருந்து கேட்டார்கள். உணவும் வெளிச்ச நேரமும் மாற்றிப் பார்த்தோம் என்று பதில். பயிற்சிக்கு எவ்வளவு டேட்டா கொடுத்தீர்கள் என்று கணினிக் குழு. இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் சொன்ன மாடல் சோதனைக்காக வளர்க்கும் ஒரு வரிக்குதிரை மீன். கணிதக்காரருக்கு மாடல் என்றால் சமன்பாடு. கணினிக்காரருக்கு, பயிற்சி பெற்ற ஒரு கோப்பு. அதேபோல் கண்ட்ரோல் என்றால் உயிரியலில் மருந்து சேர்க்காத ஒப்பீட்டுக் குழு, பொறியியலில் ஒரு அமைப்பை நினைத்தபடி இயக்குவது. பிளாஸ்மா ஒருவருக்கு ரத்தத்தின் திரவப் பகுதி, இன்னொருவருக்கு அயனியாக்கப்பட்ட வாயு. சென்சிடிவிட்டி என்பது பகுப்பாய்வு வேதியியலில் சிக்னல் எவ்வளவு கூர்மையாக மாறுகிறது என்பது. நோய் கண்டறிவோருக்கு, நோயுள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்ற விகிதம். தெரியாத சொல் வந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள். தெரிந்த சொல் வரும்போது யாரும் கேட்பதில்லை, சிக்கல் அங்கேதான்.

இதற்கு எனக்கு உதவியது தமிழ். இரவில் அன்றைய கூட்டத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. எழுதப் போனால் வெக்டர் என்பதை அப்படியே விட முடியாது. கணிதத்தில் திசையன், உயிரியலில் கடத்தி. எது என்று முடிவுசெய்தாக வேண்டும். நியூக்ளியஸ் என்றால் அணுக்கருவா, செல்லின் உட்கருவா? கண்ட்ரோல் என்றால் கட்டுப்பாடா, ஒப்பீட்டுக் குழுவா? ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடந்தவை தமிழில் பிரிந்து நின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு: நாம் மாடலையும் மாதிரி என்கிறோம், சாம்பிளையும் மாதிரி என்கிறோம், கடத்தி என்றால் இயற்பியலில் மின்சாரத்தைக் கடத்துவது. எங்கே தமிழ் பிரிக்கிறது, எங்கே சேர்க்கிறது என்று பார்த்த இடமெல்லாம் எனக்குள் இருந்த குழப்பம் வெளியே வந்தது. மறுநாள் போய்க் கேட்கவேண்டிய கேள்விகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் கிடைத்தன. நீங்களும் ஒரு மாதம் செய்து பாருங்கள். கலைச்சொல் சரியாக அமையவேண்டும் என்ற கவலை வேண்டாம். உங்களுக்குப் புரிந்தால் போதும்.

சொல்லைத் தெரிந்துகொண்டாலும் வேலை தெரிந்துவிடாது. என் முதல் நுண்ணோக்கிப் படங்கள் மிக அழகாக இருந்தன. லேசர் திறனைக் கூட்டி, இரைச்சல் இல்லாமல், பத்து விநாடிக்கு ஒரு படம். செல் வளர்ப்பவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, செல்லைப் பார்த்தார். “இது எல்லாம் உருண்டையா சுருங்கிட்டு இருக்கே, சாகுது” என்றார். தரையில் ஒட்டிப் பரந்து கிடக்கவேண்டிய செல்கள் பிடியை விட்டுவிட்டு உருண்டுகொண்டிருந்தன. வலுவான ஒளி செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். ஒளிரும் சாயம் இருந்தால் இன்னும் அதிகம். நான் செல்லைக் கொன்றுகொண்டே அதன் நடமாட்டத்தை அளந்திருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த ஆறு வாரம் செல்களை நீங்களே வளர்த்துப் பாருங்கள் என்றார். 37 டிகிரி, 5 சதவீதம் கரியமில வாயு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றல், இடம் நிரம்பினால் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றல். விடுமுறை நாளிலும் போனேன், ஏனென்றால் செல்லுக்கு விடுமுறை தெரியாது. இரண்டு முறை பாக்டீரியா புகுந்து எல்லாவற்றையும் கொட்டவேண்டியிருந்தது. அந்த ஆறு வாரம் என் பிஎச்.டி.யின் மிகப் பயனுள்ள காலம் என்று தயங்காமல் சொல்வேன். அதன்பிறகு நான் கேட்ட கேள்விகள் மாறின. பழைய ஊடகமா, எத்தனையாவது முறை பிரித்த செல், கடைசியாக எப்போது மாசுச் சோதனை செய்தது என்றெல்லாம் கேட்கத் தெரிந்தது.

ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு கடிகாரம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் கணினி நிரல் தவறினால் இரவே திருத்தி மறுபடி ஓட்டலாம். செல் சோதனை தவறினால் ஒரு வாரம். வேதியியல் குழுவில் ஒரு மூலக்கூறை உருவாக்க மாதங்கள். ஏரிக்குப் போகும் அந்தச் சூழலியலாளருக்குப் பருவம் தவறினால் அடுத்த ஆண்டுதான். ‘ஒரு சின்ன மாற்றம்தானே, மறுபடி செய்யுங்கள்’ என்று சொல்வதற்கு முன், எதிரில் இருப்பவரின் கணக்கில் அது எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 412 செல் சோதனையை நாங்கள் மறுபடி செய்தோம். ஐந்து வெவ்வேறு வாரம், ஒவ்வொரு வாரமும் உறைநிலையிலிருந்து புதிதாக எழுப்பிய செல்கள், லேசர் திறன் பத்தில் ஒரு பங்கு, எந்த டிஷ்ஷில் மருந்து என்று அளப்பவருக்குத் தெரியாதபடி. வித்தியாசம் முதலில் பார்த்ததில் பாதிதான் இருந்தது. ஆனால் ஐந்து வாரமும் ஒரே திசையில் இருந்தது. இப்போது அதை யார் முன்னாலும் வைக்கலாம்.

கருவிக்கூடத்தின் தொழில்நுட்ப ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை என் படங்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே பக்கமாக நகர்ந்து திரும்பி வந்தன. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் மென்பொருள் எழுதினேன். கருவியைப் பராமரிப்பவர் ஒரு நாள் உள்ளே வந்தபோது காட்டினேன். “தம்பி, மேல பாருங்க” என்றார். நுண்ணோக்கிக்கு நேர் மேலே குளிரூட்டியின் காற்றுத் துவாரம். அது ஓடும்போதெல்லாம் மேடையின் உலோகம் சுருங்கி விரிந்தது. அட்டையால் ஒரு தடுப்பு வைத்தோம், முடிந்தது. அந்தக் கட்டடத்தில் எந்த நேரத்தில் லிஃப்ட் அதிகம் ஓடும், எந்த அறைத் தரை அதிரும், மூலக்கூறுகளை ஆராயும் என்.எம்.ஆர். கருவியின் காந்தப் புலம் எந்தச் சுவர் வரைக்கும் எட்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். மற்றவர்களின் பேப்பர்களில் அவர் பெயர் இருக்காது. என் பேப்பர்களில் இருக்கிறது. உங்கள் முதல் வாரத்தில் சந்திக்கவேண்டியவர் பட்டியலில் பேராசிரியர்களுக்கு முன்னால் அவர்களை எழுதிக்கொள்ளுங்கள். முன்பதிவு நேரத்தை மதியுங்கள், லாக்புக்கில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எண்ணெய் இல்லாமல் பயன்படுத்தவேண்டிய காற்று லென்ஸில் எண்ணெய் பட்டுவிட்டால் துடைத்து மறைக்காமல் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்தவரின் ஒரு மாத டேட்டா மங்கலாக வரும்.

பெயர் வரிசை விஷயத்தில் எனக்குக் காயம் உண்டு. கணிதத்தில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது. கணினியில் மாநாட்டுக் கட்டுரைக்கே மதிப்பு. உயிரியலில் இதழ்தான் எல்லாம். நான்கு துறை சேர்ந்த ஒரு வேலையில், எந்த வழக்கத்தைப் பின்பற்றுவது என்று நாங்கள் யாரும் தொடக்கத்தில் பேசவில்லை. இரண்டு ஆண்டு பகுப்பாய்வு முழுவதையும் செய்த நான் நான்காவது பெயராக வந்தேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவரவர் துறையில் அதுதான் நியாயம். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நான்காம் பெயரைப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரியாது.

அதன்பிறகு எந்தக் கூட்டு வேலையிலும் முதல் மாதமே ஒரு பக்கம் எழுதிவிடுவோம்: என்ன வேலை யாருடையது, டேட்டா யாரிடம் இருக்கும், எந்த மாணவரின் ஆய்வேட்டில் எந்தப் பகுதி, பெயர் வரிசை எந்த வழக்கப்படி, ஒருவர் நடுவில் போய்விட்டால் என்ன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். இப்போது பல இதழ்கள் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து யார் எதைச் செய்தார் என்று அச்சிடுகின்றன. அந்த 14 தலைப்பையே இந்தப் பக்கத்துக்கும் அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சங்கடமாக இருக்கும். மாணவர் கேட்பதைவிட, கைடைக் கேட்க வைப்பது எளிது.

கடைசியாக, பட்டம். நிறுவனம் பல்துறை, பட்டம் தருவதோ ஒரு துறை. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நான்காம் ஆண்டு மதிப்பாய்வில், செல் நடமாட்டம் பற்றி 40 நிமிடம் பேசி முடித்ததும் குழுவிலிருந்த மூத்த இயற்பியல் பேராசிரியர் கேட்டார்: “இதுல உங்க இயற்பியல் எங்க இருக்கு?” கேள்வி நியாயமானது. நான் புள்ளியியல் கற்றிருந்தேன், செல் வளர்க்கக் கற்றிருந்தேன், படப் பகுப்பாய்வு எழுதியிருந்தேன். ஒளியியலில் புதிதாக ஒன்றும் செய்திருக்கவில்லை. எல்லோருக்கும் உதவக்கூடியவனாக ஆகியிருந்தேன், ஆனால் எந்தத் துறையின் கூட்டத்திலும் நின்று பேசும் அளவுக்கு ஆழம் இல்லை.

அங்கிருந்துதான் ஒளித்தாள் நுண்ணோக்கிக்குப் போனேன். 2004-இல் ஜெர்மனியில் எம்பிரியோக்களை (கருக்களை) பார்ப்பதற்காக உருவாக்கிய முறை அது: பக்கவாட்டிலிருந்து மெல்லிய தாள்போல் ஒளியைச் செலுத்தி, பார்க்கும் தளத்தை மட்டும் ஒளியூட்டுவது. மற்ற இடத்தில் ஒளி படாததால் செல்லுக்குச் சேதம் குறைவு. நான் சாகடித்த அந்த முதல் செல்களுக்கு இதுதான் விடை, அது இயற்பியலும்கூட. ஒளித்தாளை எவ்வளவு மெலிதாக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது விரிந்துவிடும்; எங்கள் செல் அடுக்குக்கு அந்தச் சமரசத்தை எங்கே வைப்பது என்பதே என் கடைசி அத்தியாயம். ஆண்டுக்கு ஒருமுறை ‘என் துறைக்காரர் இதில் எதை ஏற்பார்’ என்று கைடோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அதை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கியிருப்பேன். நான்காம் ஆண்டில் தொடங்கியதால் லேசர் வாங்குவதற்கான அனுமதிக்கே ஐந்து மாதம் காத்திருந்து, ஆறாம் ஆண்டின் கடைசி வாரத்தில்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன்.